தோற்றவனுக்கு எழுதிய தீர்ப்பு

சீடன்: ஐயா, தீர்ப்பு நியாயமாக இருந்தால் போதாதா? அதற்குச் சொல்வன்மை எதற்கு?

குரு: அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று வழங்கிய பிரவுன் வழக்குத் தீர்ப்பை வாசித்திருக்கிறாயா? அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்றதே, அது.

சீடன்: வாசித்தேன். சப்பென்றிருந்தது. அவ்வளவு பெரிய அநியாயத்தைப் பேசும்போது ஓரிடத்திலாவது குரல் உயர வேண்டாமா?

குரு: உயரக் கூடாது என்று தீர்மானித்துத்தான் எழுதினார் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். சுருக்கமாக, சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி, யாரையும் குற்றம்சாட்டாமல் இருக்க வேண்டும் என்று வரைவோடு சக நீதிபதிகளுக்குக் குறிப்பே அனுப்பினார். தேர்தலில் நின்று கலிபோர்னியாவின் ஆளுநரானவர். எங்கே பேச்சை அடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தயங்கிய நீதிபதி ஸ்டான்லி ரீடைப் பேசிப் பேசி இணங்கவைத்தார். மாரடைப்பால் படுத்திருந்த நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தீர்ப்பு நாளன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்தார். ஒன்பது பேருக்கும் ஒரே குரல். மாறுபட்ட தீர்ப்பு ஒன்று இருந்திருந்தால் எதிர்ப்பவர்கள் அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

சீடன்: அப்படியானால் அந்தச் சப்பென்ற நடையே ஒரு வித்தை.

குரு: வித்தைதான். நீதிமன்றத்திடம் படை கிடையாது. காரணம் சொல்லி இணங்கவைப்பதுதான் அதற்கு வழி.

சீடன்: இணங்கினார்களா? 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் நுழைய அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அல்லவா அனுப்பினார்?

குரு: அதற்கு முன் 1955ஐப் பார். பிள்ளைகளை எப்போது, எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்று சொல்ல வேண்டிய இரண்டாம் தீர்ப்பு. கெடுவே வைக்கவில்லை. வேகமும் வேண்டும், நிதானமும் வேண்டும் என்று இரண்டுங்கெட்டானாக ஒரு தொடர். காதுக்கு மட்டும் இதம். முதலில் தொனியைத் தணித்தார்கள். இதில் உத்தரவையே தணித்துவிட்டார்கள்.

சீடன்: முதலாவதிலேயே எனக்கு நெருடல் உண்டு, ஐயா. அந்த இதம் யாருக்காக? வெள்ளையர் மனம் நோகக் கூடாதென்றுதானே? வழக்காடியவர்களுக்கு என்ன மிஞ்சியது? பிரவுன் வழக்கோடு சேர்த்துத் தீர்க்கப்பட்ட வழக்குகளில் ஒன்று கிளம்பிய பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடினார்கள். 1964 வரை திறக்கவில்லை.

குரு: தோற்றவனைப் பார்த்தே எழுதினால் வென்றவன் கண்ணில் படாமல் போவான். உன் நெருடல் சரி. ஆனால் 1958இல் லிட்டில் ராக் விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயர் போட்டு ஒரு தீர்ப்பு எழுதினார்கள். அதில் அந்த இதம் இருக்காது. வாசித்துவிட்டு வா, பேசுவோம்.