மறைத்தலும் செப்பனிடலும்

பிறர் குறையை மறைப்பது நற்பண்பு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பொருளின் குறையை மறைப்பது வஞ்சகம் என்றும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் மறைத்தலே. அவற்றுள் ஒன்று நன்மையாகவும் மற்றொன்று பாவமாகவும் ஆனது எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடி ஏடுகளைப் புரட்டுவோர் பலர். ஈரம் ஏறி வெடித்து நிற்கும் பழைய வீட்டுச் சுவர் ஒன்றின் முன் நின்றும் அவ்விடையைத் தேடலாம்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரைப் பட்டினங்களில், பெண் மக்களுக்கு மணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தாய் வாழ்ந்த வீடு மகளுக்கு ஆகிறது. மகள் வாழ்ந்த வீடு பேத்திக்கு ஆகிறது. அத்தகைய வீடுகளுள் பழையவை பல, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. நிக்காஹ் நாள் குறித்தவுடன் பெற்றோர் கண் முதலில் செல்வது சுவர்களின் மீதுதான். அறையின் அடிப்புறம் உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருக்கும். நாளோ குறுகியது. கொத்தனார் அழைக்கப்படுகிறார். பொரிந்த இடத்தில் சிமெண்டு பூசப்படுகிறது. விரிசலுக்குப் பட்டி பார்க்கப்படுகிறது. மேலே வண்ணம் ஏறுகிறது. மணநாளன்று சுவரும் புத்தாடை உடுத்தியது போல் பொலிகிறது. இரண்டு மழைக்காலம் கடந்த பின் அச்சுவரோடு வாழ வேண்டியவள் அந்த மணமகள்.

ஈரத்தின் இயல்பை அறிந்தால்தான் இதன் தீமை விளங்கும். பழைய சுவர்கள் பலவற்றின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இல்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, செங்கல்லின் நுண்துளைகள் நிலத்து நீரை இழுத்து ஏறத்தாழ 3 அடி உயரம்வரை ஏற்றிவிடுகின்றன. அந்நீர் உப்பையும் சுமந்து வருகிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிப் படிகமாகிப் பருத்துப் பூச்சைத் தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அடர்த்தியானது, எளிதில் விடாது. வழி அடைபட்ட ஈரம் அடங்கிவிடுவதுமில்லை. பூச்சு முடியும் எல்லைக்கு மேலே ஏறி, நேற்றுவரை நலமாயிருந்த இடத்தில் புதிதாய்ப் பூக்கிறது. 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற போர்ட்லண்டு சிமெண்டின் மீது பழி இல்லை. உரிய இடத்தில் அது வலிமை தருவது. ஈரச்சுவருக்கு அதைத் திரையாக்கியதே பிழை.

செப்பனிடல் வேறு விதமாகத் தொடங்கும். மொட்டை மாடியில் நீர் தேங்குகிறதா, மழைநீர்க் குழாய் அடைபட்டிருக்கிறதா, மீண்டும் மீண்டும் போடப்பட்ட தெரு வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டதா என்று முதலில் காரணத்தைத் தேட வேண்டும். காரணத்தை நீக்கிய பின், கெட்ட பூச்சை ஈரத்தின் எல்லைக்கு 1 அடி மேல்வரை உரித்தெடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து, சுவரைத் திறந்தபடியே ஒரு கோடைக்காலம் காயவிட வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். பிறகு சுண்ணாம்பை மெல்லிய படிகளாகப் பூச வேண்டும். விரிசலின் மீதும் உடனே கை வைக்கலாகாது. அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைக் காரையால் ஒட்டி, சில மாதம் பார்த்திருப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. நோய் அடித்தளத்தில் இருக்கிறது. உடையாவிட்டால் விரிசலை வெட்டித் திறந்து, குறுக்கே செங்கல் கோத்து அடைக்கலாம்.

இம்முறையில் சுவரின் அலங்கோலம் பல மாதம் எல்லார் கண்ணிலும் படும். அதைத் தாங்க மனம் வராததே மறைத்தலின் தொடக்கம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது என்ற செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மழை அவருடைய குற்றம் அன்று. நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவுமில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காமல் அடியில் வைத்தாரே, அதற்காகவே கண்டிக்கப்பட்டார். வாங்குபவனுக்குரிய அறிவை அவர் பறித்துக்கொண்டார். அதன் ஆதாயமும் அவருக்கே சேர்ந்தது. பிறர் குறையை மறைப்பவனோ அதனால் எதையும் பெறுவதில்லை. அவன் மறைப்பது பிறர் மானத்தைக் காப்பதற்கு. ஆகவே முதற்கேள்வி இது: மறைப்பதன் பலன் யாருக்குப் போகிறது, அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது?

வண்ணம் பூசி வாடகைக்கு விடப்பட்ட ஈர வீட்டில் இச்சுமையைச் சுமப்பது, தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையாக இருக்கலாம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்குழல் நோய்களும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறைகள் எடுத்துரைக்கின்றன. அவ்வீட்டின் வாடகையைக் கணக்கிடும்போது இம்மூச்சு கணக்கில் வருவதில்லை.

ஆயினும் முதற்கேள்வி மட்டும் போதாது. அன்பினாலும் மறைக்கிறோம். மகனுடைய கடனைத் தந்தை மறைக்கிறார்; மகளுடைய நோயைத் தாய் மறைக்கிறாள். தன்னலம் இல்லை, எனினும் கேடு விளைகிறது. இங்கே சுவர் நமக்கு இன்னொரு பாடம் சொல்கிறது. சுண்ணாம்புப் பூச்சும் ஒரு மறைப்பே. செங்கல்லின் வடுவை அதுவும் மூடத்தான் செய்கிறது. ஆனால் மூடிக்கொண்டே உலரவும் விடுகிறது. நுண்ணிய விரிசல் கண்டால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே ஊறி வந்து அவ்விடத்தில் படிந்து அதை மெல்லச் சேர்ப்பதும் உண்டு. ஒருவரின் குறையை ஊரார் வாயிலிருந்து காத்து, அவர் தனிமையில் திருந்த வழி விடுவது சுண்ணாம்பின் மறைப்பு. குறையே இல்லையென்று சாதித்து, மருந்தும் நல்லுரையும் அணுகாமல் அடைத்துவிடுவது சிமெண்டின் மறைப்பு.

கையில் பணமில்லாத எளியவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செப்பனிட இயலாதவர் மீது செப்பனிடும் கடமையைச் சுமத்துவதற்கில்லை. சொல்லும் கடமை மட்டும் அவருக்கு உண்டு. 'இச்சுவரில் ஈரம் ஏறுகிறது. இது இன்னும் உலரவில்லை' என்று சொல்லிவிட்டுக் குறைந்த விலைக்கு விற்கலாம். குறைந்த வாடகைக்கு விடலாம். சொல்வதற்கும் ஒரு விலை உண்டு என்பது மெய். அவ்விலையைத் தான் கொடுக்காதவன், அறியாத ஒருவனைக் கொடுக்க வைக்கிறான்.

அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் ஒரு சுவர் வருகிறது. உணவளிக்க மறுத்த ஊரில், விழ இருந்த அச்சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் கூலி பெறாமல் நிமிர்த்தினார்கள். கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) அவர்கள் கேட்டார்கள். அச்சுவரின் அடியில் அநாதைச் சிறுவர் இருவருக்குரிய புதையல் இருந்தது. அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை அது மறைந்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் மறைத்தலே. ஆனால் அங்கே மறைக்கப்பட்டது உடையவர்களுக்காக. மறைத்தவருக்கோ ஒரு காசும் இல்லை. சுவரும் உண்மையிலேயே நிமிர்ந்து நின்றது.

நம் பிள்ளைகளின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது, சுவரில் உள்ளதையும் சொல்லிக் கொடுப்போமாக.