தெய்வம் இறங்கும் முடிவு

பழைய இசைநாடகங்களில் பல, தெய்வம் இறங்கி வந்து முடியும். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் காலம் என்பர். அக்கால ஓபராக்களில் மேகம் தீட்டிய பலகை கயிற்றில் இறங்கும். அதன்மேல் அப்பல்லோவோ ஜூப்பிட்டரோ அமர்ந்து வந்து, மனிதரால் அவிழ்க்க முடியாத முடிச்சை அவிழ்ப்பார். மான்டெவெர்டியின் 'ஓர்ஃபியோ'வுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. 1607-இல் மாந்துவாவில் அரங்கேறியபோது வெளிவந்த பாடல் நூலில், வெறியேறிய பெண்கள் கூட்டம் ஓர்ஃபியோவை நோக்கி வருகிறது. 1609-இல் அச்சான இசை நூலில், தந்தை அப்பல்லோ இறங்கி வந்து மகனை வானுலகுக்கு அழைத்துப் போகிறார். இவற்றில் ஒன்றைத் தேர்கிற இன்றைய இயக்குநர், அருள் உண்டா என்ற கேள்விக்கும் சேர்த்தே விடை சொல்லிவிடுகிறார்.

அதே காலத்திலும் அதை அடுத்தும் காவிரிப் படுகையிலும் இசைநாடகம் செழித்திருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி, திருவாரூர்த் தியாகராசரைப் பாடித் தெலுங்கில் 'பல்லகி சேவா பிரபந்தம்' இயற்றினார். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) தமிழில் இராம நாடகக் கீர்த்தனை பாடினார். மெலட்டூரில் வேங்கடராம சாஸ்திரியின் 'பிரகலாத சரித்திரம்' இன்றும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவு முழுக்க நடக்கிறது. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள். நரசிம்மர் முகமூடி பூசை பெறுவது. அதை அணிபவர் விரதம் இருந்தே அணிவார். நாடகத்தின் முதல் பார்வையாளர் கோயில் தெய்வம். ஊரார் அதற்குப் பின்னரே.

இரு மரபுகளுக்கும் நடுவே உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அப்பல்லோவுக்கு இன்று ஐரோப்பாவில் கோயில் இல்லை. ஆகவே அங்குள்ள இயக்குநர்களுக்குக் கை கட்டப்படவில்லை. 1920-இல் கோட்டிங்கனில் ஹாண்டலின் 'ரோடெலிண்டா' மீண்டும் மேடையேறியதிலிருந்து இந்த மீட்பு தொடர்கிறது. கிளைண்ட்போர்னில் 2005-இல் டேவிட் மெக்விகார், ஹாண்டல் சீசரைப் பற்றி அமைத்த 'ஜூலியோ சேசரே'யைப் பிரிட்டிஷ் பேரரசுக் காலத்துக்கு மாற்றி, இந்தித் திரைப்பட ஆட்டத்தையும் சேர்த்தார். பாரிஸில் 2019-இல் கிளெமான் கொஜிடோர், ராமோவின் 'லே ஆந்த் கலாந்த்' என்ற 1735-ஆம் ஆண்டுப் படைப்பில் கிரம்ப் என்ற தெரு நடனத்தை ஆடவைத்தார். அயல்நாட்டாரை மேடைக் கேளிக்கைக்கு ஏற்ற உருவங்களாக்கிய நாடகம் அது. அதையே இன்றைய நகரத்தின் இளைஞர் ஆடும்போது, யாரை யார் வேடிக்கை பார்ப்பது என்பது தலைகீழாகிறது. இசையில் கைவைக்காமலே பொருளை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

காவிரிப் படுகையில் தெய்வங்கள் வழிபாட்டில் இருக்கின்றன; கதை நடந்த வயல்களும் இருக்கின்றன. அதனால் பழைய நாடகத்தின் பொருளை மாற்றலாமா என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' காலத்தால் பரோக்குக்குப் பிந்தியது. 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. ஆனால் தெய்வம் இறங்கி முடிச்சவிழ்க்கும் அமைப்பில் அதற்குப் பரோக் ஓபராவோடு நெருங்கிய உறவு.  சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரை, பண்ணைக்கு உடையவரான வேதியரை, பாரதியார் கதைக்குள் கொண்டுவந்தார். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த பண்ணையாளும் சிவபக்தனுமான நந்தன், தில்லைக்குப் போக அனுமதி கேட்கிறான்; நாற்பது வேலி நிலத்தின் அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. சிவபூதங்கள் ஒரே இரவில் முடித்துவைக்கின்றன; வேதியர் நந்தன் காலில் விழுகிறார். பக்திக் கதைக்குள் நிலமும் கூலியும் அனுமதியும் இவ்வாறு நுழைந்துவிட்டன. பாகவதர்கள் ஒற்றை ஆளாக எல்லாப் பாத்திரங்களையும் பாடிக் காலட்சேபம் செய்தார்கள். 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். ஹாண்டலின் சீசரை இன்று பெண்கள் பாடுவதைக் கண்டு வியப்பவர்கள் இதையும் நினைக்கலாம்.

கடினமான இடம் தீ. புராணத்தின்படி, தில்லையில் இறைவன் கனவில் வந்து பணித்தபடி வேள்வித் தீ வளர்க்கப்படுகிறது. நந்தன் அதில் புகுந்து முப்புரிநூல் அணிந்த முனிவராக வெளிவந்து சந்நிதியில் மறைகிறார். இதே கதையில் முன்னதாக வரும் திருப்புன்கூர்க் காட்சி வேறு விதம். வாசலில் நின்ற நந்தனுக்குக் காட்சி மறைந்தபோது இறைவன் நந்தியை விலகச் சொன்னார். நந்தனிடம் எந்த மாற்றமும் கேட்கவில்லை. ஓரிடத்தில் கல் நகர்கிறது, மற்றோரிடத்தில் மனிதன் எரிந்து மாறவேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அருள் என்றால், தீயைக் கேட்டது இறைவனா, வாசலைக் காத்தவர்களின் உலகமா? கதை இதற்கு விடை தருவதில்லை. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறது.

1968 டிசம்பர் 25 இரவு, பாரதியார் பிறந்த நரிமணத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத, இன்றைய கீழ்வேளூர் வட்டத்திலுள்ள வெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தார் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்த மண்ணில் நந்தனின் தீயை வெறும் தூய்மையின் உருவமாக மட்டும் காட்டுவது இயலாத காரியம். வெண்மணியைக் 'குருதிப்புனல்' நாவலாக்கிய இந்திரா பார்த்தசாரதி, 1978-இல் 'நந்தன் கதை' நாடகத்தை எழுதினார். அதில் மேல்சாதியார் விரித்த வலையில் விழுந்து நந்தன் தீயில் மாள்கிறான். அதிசயம் எதுவும் நிகழ்வதில்லை. ஓர்ஃபியோவைப் போலவே நந்தனுக்கும் இரண்டு முடிவுகள் கிடைத்துவிட்டன.

பக்தர் ஒருவருக்கு இரண்டாவது முடிவு இறைவனை மேடையிலிருந்து இறக்கிவிடுவதாகத் தோன்றலாம். ஆனால் தீயைத் தவிர்த்துவிட்டு நடிப்பது அதைவிடப் பெரிய இழப்பு. அப்போது இறைவனிடம் கேட்க எதுவும் மிஞ்சாது. திருப்புன்கூரை முழுமையாகக் காட்டி, நந்தி விலகிய வியப்பு அடங்குமுன் தில்லைத் தீயைக் கொண்டுவரும் மேடையேற்றம், நம்புபவரையும் நம்பாதவரையும் ஒரே கேள்விக்கு முன் நிறுத்தும். பாரதியாரின் பாட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதைச் செய்ய இயலும்.

பாட்டு தனியாகவும் வாழ்கிறது. மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ', உள்ளே வர அனுமதி கேட்கும் நந்தனின் குரல். கதையிலிருந்து பிரிந்து அது இன்று கச்சேரிகளில் பாடப்படுகிறது. அங்கே அதைக் கேட்பவர்கள் உள்ளே அமர்ந்திருப்பவர்கள்.