கூலியும் தானமும்

தன் பொருளைப் பிறர்க்கு ஈவது தானம் என்பதை நாம் அனைவரும் ஒப்புவோம். பிறருடைய பொருளை, கூலி பெற்றுக்கொண்டு, பசித்தவன் முன் கொண்டுபோய் வைப்பவனுடைய செயல் எவ்வகையைச் சேர்ந்தது? அது வெறும் பிழைப்புத்தானா? அண்மையில் காலஞ்சென்ற நம் உபாசகர் ஒருவருக்கு நினைவுக் கூட்டம் கூட்ட முனைந்தபொழுது இக்கேள்வி எழுந்தது. மிலிட்டரி ஓட்டலில் இறைச்சி பரிமாறிப் பிழைத்தவருக்குச் சங்கத்தில் கூட்டமா என்று இளைஞர் சிலர் வினவினர். வினவியதில் குற்றமில்லை, வினவாமல் எதையும் ஏற்பது பௌத்தமன்று.

அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின், அவ்வூரார் பலரைப் போலவே விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்கு வந்து, உணவு விடுதிகளில் உழைத்து, இரவில் வீடு திரும்பினார். மனைவியும் மூன்று பெண்மக்களும் அவர் கூலியால் வாழ்ந்தனர். ஓட்டல்காரர்க்கு ஞாயிறு விடுமுறை ஏது? செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு ஓய்வு. அன்று அடுப்படிக்குள் மனைவியை நுழையவிடாமல் தாமே சமைத்துப் பரிமாறுவார்.

வெயிலில் வந்த கூலியாள் ஒருவன் விலைப்பட்டியலைப் பார்த்துத் தயங்கினால், அவர் குனிந்து, குறைந்த காசில் வயிறு நிறைவது இன்னது என்று மெல்லக் கூறுவார். அடுத்திருப்பவர் செவியில் விழாதபடி கூறுவார். இதனைச் சிறிதென எண்ணற்க. நம் பாட்டன்மார்க்குத் தனிக் குவளை வைத்த கடைகள் இந்நாட்டில் ஏராளம். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு உணவு விடுதிகளைப் பெயர் சுட்டியே எல்லார்க்கும் உரியவையாக்கியது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவு மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தவன் கூசாமல் உண்ணும்படி செய்வது சட்டத்தால் ஆவதன்று.

ஆலையில் பல்லாண்டு உழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கூலிக்காரன் இட்ட வேலையைச் செய்தே தீரவேண்டும். ஆயினும் எந்த வேலையிலும் முதலாளி அளக்கமுடியாத சிறு இடமொன்று தொழிலாளியிடம் எஞ்சும். தட்டைச் சுமந்ததற்கு நம் உபாசகர் கூலி பெற்றார். அந்த மெல்லிய சொல்லுக்குக் கூலி பெறவில்லை. அது அவருடைய சொந்தப் பொருள், அதனை ஈந்தார். மணிமேகலை ஏந்திய அமுதசுரபியும் அவள் ஈட்டியதன்று, முன்னர் ஆபுத்திரன் கையில் இருந்ததன்றோ? அதனால் அவள் அறம் குறைந்தது என்பார் எவருமிலர்.

இனி இறைச்சி பற்றிய வினா. உபாசகன் செய்யலாகாத ஐந்து வாணிபங்களாகப் பகவான் கூறியவை ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றின் வாணிபம். நம்மவர் வாணிபர் அல்லர், வேலையாள்தானே என்று கூறி முடித்துவிடலாம். எனக்கு அது வழக்கறிஞர் பேச்சாகவே படுகிறது. விற்றவனுக்கும் பரிமாறிய கைக்கும் இடையில் அவ்வளவு பெரிய மதில் இல்லை.

ஒரு சமயம் அவருடைய முதலாளி மாடியில் மதுக்கூடம் திறந்து, அங்கே பரிமாற அவரை அழைத்தார். கீழ்த்தளத்தைவிட அங்கே இனாம் மிகுதி. மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய ஆண்டு அது. அவர் மறுத்துவிட்டார். பாபாசாகேப் 1956-இல் நாகபுரியில் அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தாமையும் ஒன்று. அதனைத் தம் நாவுக்கு மட்டும் விதித்ததாக அவர் கொள்ளவில்லை, கைக்கும் விதித்துக்கொண்டார். கட்டணத்திற்காகச் செவ்வாய்க்கிழமைகளிலும் திருமண வீடுகளில் பாத்திரம் கழுவச் சென்றார். மனைவிக்குச் சமைத்திட்ட அந்த ஒருநாளும் அவ்வாண்டு போயிற்று.

மதுவை விட்டவர் இறைச்சியை ஏன் விடவில்லை என்று கேட்கலாம். அடுத்த அடி வைத்திருந்தால் வீட்டில் ஐவர் பட்டினி கிடந்திருப்பர். தம்மால் இயன்ற எல்லைவரை நடந்தவரை, நடவாத தூரத்தைக் கொண்டு அளப்பது நேர்மையன்று. கொல்லன் சுந்தன் இட்ட உணவே பகவானின் இறுதி உணவாயிற்று; அவன்மேல் பழி வராதபடி காத்தவரும் பகவானே. இட்டவன் உள்ளத்தை அவர் நோக்கினார்.

பௌர்ணமி உபோசத நாள்களில் தம்மைத் தேநீர்ப் பகுதியில் நிறுத்தும்படி நம் உபாசகர் முதலாளியை வேண்டுவாராம். சில மாதங்களில் அவர் இசைந்தார். கூட்டம் மிகுந்த மாதங்களில் இசையவில்லை. அப்பொழுதெல்லாம் வழக்கம்போல் மேசைக்கே சென்று பரிமாறிவிட்டு, நள்ளிரவில் வீடு திரும்பியபின், பஞ்சசீலத்தை மீண்டும் ஒருமுறை ஓதிவிட்டே உறங்கினார் என்று அவர் மனைவியார் கூறினார்.