உயிரும் கணக்கும்

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மீண்டும் முயலாதிருக்க அளிக்கும் உளவியல் சிகிச்சையைப் பணத்தால் மதிப்பிடலாமா என்பது பொருளியல் கேள்வி மட்டுமல்ல, அறக் கேள்வியும்கூட. விலையுள்ள பொருளுக்கு மாற்று உண்டு, மனிதருக்கு இல்லை என்பது ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட்டின் நிலைப்பாடு. அது சரியே. ஆனால் அரசின் நிதிக்கு எல்லை உண்டு. கணக்குப் பார்க்க மறுப்பதும் யாரோ ஒருவரைக் கைவிடுவதில்தான் முடியும்.

ஆனால் எதைக் கணக்கிடுகிறோம் என்பதும் முக்கியம். இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் 1,867 பேர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஒரு மணி நேர உரையாடல். பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவே. 2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தனர், நலம் விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதத்தினர். மறுமுயற்சிகளோ மொத்தத்தில் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். முயற்சிகளை மட்டும் எண்ணியிருந்தால் இதை வீண்செலவு என்றே எழுதியிருப்பார்கள். எதை எண்ணுவது என்பதே அறத் தீர்மானம்.

தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. எனவே கணக்கு, அந்தக் கடமையை எப்படிச் செய்வது என்பதற்கே உதவ வேண்டும், செய்வதா வேண்டாமா என்பதற்கு அல்ல. உதவி தேவைப்படுவோர் 104 அல்லது 14416 எண்ணை அழைக்கலாம்.