லயத்து முகப்பு

பதுளையிலிருந்து நமுனுகுல மலைப்பக்கமாக ஏறும் ஸ்பிரிங்வெளிப் பாதையில், தோட்டத் தொழிலாளர்கள் வாழும் பழைய லயம் ஒன்றைப் பார்த்தால், ஒரே கூரைக்குக் கீழே நான்கைந்து முகங்கள் தெரியும். ஒரு காம்பராவின் முன்சுவர் பளீரென்ற பச்சை. அடுத்ததில் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் இடுப்புயரம் வரை சுவரில் ஏறியிருக்கும். அதற்கடுத்த வீட்டின் இஸ்தோப்பு இரண்டு சீமெந்துத் தூண்களோடு வாசலுக்கு நீண்டிருக்கும். தொங்கல் காம்பரா மட்டும் புகையேறிய சுவரும் உதிர்ந்த சுண்ணாம்புமாக நிற்கும். மேலே எல்லாருக்கும் பொதுவாகத் தகரம். காற்றில் கிளம்பாமலிருக்க அதன்மேல் கற்கள்.

மலையழகு பார்க்க வருகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. வெள்ளையடித்த ஒரே நீளச் சுவர்தான் படத்துக்கு நன்றாக இருக்குமாம். லயத்துக்குள் இருக்கும் பேச்சு வேறு. “கம்பெனி லயத்துக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு? நாளைக்கித் தொரை ஒடைக்கச் சொன்னா?” என்று ஒரு வீடு கேட்கும். இஸ்தோப்பை நீட்டியதால் கூரைத் தண்ணீர் தன் வாசலில் கொட்டுகிறது, வடிகாண் அடைபடுகிறது என்று இன்னொரு வீடு சண்டைக்கு வரும். கொழும்புக் கடையிலோ குவைத்தில் யாரோ ஒருவரின் சமையலறையிலோ பிள்ளை உழைத்த காசு, அல்லது அம்மா ஓய்வுபெற்றபோது கிடைத்த ஈ.பி.எப். பணம், அந்தத் தூண்களுக்குள் போயிருப்பது எல்லாருக்கும் தெரியும். பொறாமையும் அனுதாபமும் ஒரே வாயிலிருந்து வரும். அடுத்த வருடம் அந்த வாய்க்குரியவரே சீமெந்து மூட்டை இறக்குவார்.

எதற்காக இந்தச் செலவு என்று கேட்பவர்கள் அந்தக் காம்பராவின் வரலாற்றையும் கேட்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு: வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கட்டிய பல லயங்களின் அளவு அதுதான். உழைப்பவர் படுத்தெழும்ப ஓர் இடம். அதற்குமேல் அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. அறைக்குள் வாழ்ந்தவர்களோ 1948இல் குடியுரிமையை இழந்து, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை, இந்தியா என இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டு, 2003இன் குடியுரிமைச் சட்டத்தோடுதான் அந்த அலைச்சலிலிருந்து மீண்டார்கள். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் செலவு செய்ய வழி திறந்ததே 2018இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு. இத்தனை கைமாற்றத்திலும் காம்பராவில் இருந்தவர் கைக்கு அந்த இடம் தனதென்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம் வந்து சேரவில்லை.

காலிக் கோட்டைக்குள் வீட்டு முகப்பை நினைத்தபடி மாற்ற முடியாது. 1988 முதல் அது உலக மரபுரிமைத் தலம், அனுமதி வேண்டும். அங்கே வீடு உரிமையாளருடையது, முகப்பின் பழைமை எல்லாருக்கும் பொது என்பதால் அந்தக் கட்டுப்பாடு. ஸ்பிரிங்வெளியிலும் அனுமதி கேட்கச் சொல்கிறார்கள். ஆனால் இங்கே காரணம், சுவரும் நிலமும் குடியிருப்பவருடையதல்ல என்பது. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் நகரசபை வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றை வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக முன்கதவை மாற்றினார்கள். தெருவில் நடந்தாலே எந்த வீடு சொந்தமானது என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும். அங்கே பத்திரம் முதலில் வந்தது, கதவு பின்னால் வந்தது. லயத்தில் தூணும் டைல்ஸும் முதலில் வந்துவிட்டன. பத்திரம் இன்னும் வரவில்லை. காணி இல்லாத ஒரு குடும்பம் “இது எங்கள் வீடு” என்று எழுதிவைக்கக்கூடிய ஒரே பக்கம் அந்த முன்சுவர். அது கண்ணை உறுத்தும் நிறத்தில் எழுதப்பட்டிருக்கலாம். எழுதியவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக அங்கே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். அந்த நிறத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

எனக்குள்ள பயம் வேறு. பழைய லயச் சுவர்கள் பல கல்லும் மண்சாந்தும் சுண்ணாம்பும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். அதன்மேல் இறுக்கமான சீமெந்தும் டைல்ஸும் ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில மழைக்காலத்தில் பூச்சு உப்பிப் பிரியும், சுவரும் மெல்லப் பலமிழக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வெடிப்புகளை மூடிவிடுவது. மலைச்சரிவில் சுவரிலோ தரையிலோ புதிதாக விழும் வெடிப்பு, நிலம் நகர்வதற்கான அறிகுறியாக இருக்கலாம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதே பதுளை மாவட்டத்தில், 2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மனிதர்களோடு மண்ணுக்குள் போயின. ஆபத்து இருக்கிறதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆனாலும் அந்த மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன.

அதனால் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த காம்பராவில் மேசன் பாஸ் சாந்து குழைக்கும்போது நிறத்தையும் செலவையும் பற்றிப் பேச வேண்டாம். நடுச்சுவர் இருவருக்கும் பொது, அதில் வெடிப்பு இருக்கிறதா என்று இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி, சில வாரம் பொறுத்த பிறகு பூசுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால் பூசாமல் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். பதுளையில் உள்ள கட்டிட ஆராய்ச்சி நிலைய அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். தண்ணீர்ச் சண்டையை ஒரு பீலியும் ஒரு காணும் வைத்துத் தீர்க்கலாம்.

அரசுக்கும் கம்பெனிகளுக்கும் சொல்ல வேண்டியது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருவதுதான். தோட்டக் குடும்பத்துக்குக் கொடுப்பதாகப் பேசப்படும் 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி நிலம். மண்சரிவு அபாயம் இல்லையென ஆய்வு செய்து உறுதிப்படுத்திய இடத்தில், குடும்பத்தின் பெயரில் எழுதிய காணி உறுதியோடு அதைக் கொடுங்கள். அதுவரை, முன்சுவரில் பெயின்ட் அடித்த குடும்பத்திடம் யாரைக் கேட்டு அடித்தாய் என்று கேட்காதீர்கள்.