தந்தையர் வழியும் பிள்ளைகளின் மார்க்கமும்

தந்தை தொழுதார் என்பதற்காகத் தொழுகின்ற மகனின் தொழுகை யாருடையது? முன்னோர் சென்ற வழியே எமக்குப் போதும் என்று வாதித்தோரைத் திருமறை பன்முறை கண்டிக்கின்றது. அக்கண்டனம் பிறருக்கே உரியதென்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பிரிட்டனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் இளைஞர் பலரால் அவ்வாறு இருக்க இயலவில்லை.

ஜீலம் நதியின் குறுக்கே 1967இல் கட்டி முடிக்கப்பட்ட மங்களா அணை, மீர்ப்பூர் வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை இடம்பெயரச் செய்தது. அவர்களுள் பலர், முன்பே சென்றிருந்த உறவினரைப் பின்பற்றி பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைகளுக்கும் பர்மிங்ஹாமின் பட்டறைகளுக்கும் போய்ச் சேர்ந்தனர். பொருளீட்டி ஊர் திரும்புவதே எண்ணம், பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களுடைய தீன், பிராதரி எனும் குலக்கட்டோடும் பீர்மார்களிடம் கொண்ட பற்றோடும் பின்னிக் கிடந்தது. எது மார்க்கம், எது ஊர் வழக்கம் என்று பிரித்தறியும் தேவை அவர்களுக்கு அரிதாகவே நேர்ந்தது.

பிள்ளைகளுக்கு நேர்ந்தது. வீட்டில் பஹாரி, மதரசாவில் உருது, பொருளறியாது ஓதிய அரபு, சிந்திப்பதற்கோ ஆங்கிலம். அரபுத் தமிழிலும் தமிழிலும் மார்க்கம் பயின்ற சமுதாயத்தவராகிய நமக்கு இவ்விடைவெளியின் ஆழம் எளிதில் விளங்காது. வீதியில் அந்நியர் என்று இகழப்பட்டனர். பெற்றோரின் ஊருக்குச் சென்றாலோ அங்கும் வெளிநாட்டார். ஈரிடத்தும் ஒட்டாதவர்க்கு, முஸ்லிம் என்ற பெயரே ஒட்டி நின்றது.

அப்பெயரை அவர்கள் வெறும் பெயராக வைத்துக்கொள்ளவில்லை. உறவுக்குள்ளேயே மணம் முடிக்க வற்புறுத்திய தந்தையரிடம் மகள்மார் பலர் எடுத்துக் காட்டியது ஆங்கிலேயர் சட்டத்தையன்று. மணமகளின் சம்மதத்தைக் கேட்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை! (இங்கிலாந்தில் கட்டாய மணம் தனிக்குற்றமானது 2014இல்தான்.) மேற்படிப்பையும் இவ்வாறே வாதாடிப் பெற்றனர். குலப் பெருமையை மார்க்கமென்று எண்ணியிருந்தோர் மார்க்கத்தின் முன்னரே வாயடைத்து நின்றனர். இதனை மார்க்கப் பற்றின் தேய்வென்று புலம்புவோருடன் நாம் உடன்படவில்லை.

எனினும், அதே கத்தி வேறிடத்தும் பாய்கிறது. பாட்டியின் தஸ்பீஹ் மணியையும் மௌலிது மஜ்லிஸையும் கலப்படமென்று ஒதுக்கும் இளைஞன், தான் நூலில் கற்றதே தூய்மை என்கிறான். அவன் தேர்ந்தெடுத்தானா, அல்லது வீதியில் பட்ட அவமானம் அவனுக்காகத் தேர்ந்ததா? ஈமானுக்கும் ரோஷத்திற்கும் இடையேயுள்ள கோடு அவனுக்கே புலப்படுவது கடினம். ஆலையில் இரவு முழுதும் உழைத்து, உறக்கம் கண்களை அழுத்த, பனியில் நடந்து சுபுஹுக்கு நின்றாரே தந்தை, அவரை வழக்கத்தின் அடிமை என்று எப்படிச் சொல்வது? காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது. ஆனால், வீட்டிற்குச் சென்று படுத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு விடியலிலும் அவருக்கு இருந்தது.