வாளின் ஆற்றலும் வினையின் பற்றும்

சேது நாட்டின் தலைநகராகிய இராமநாதபுரத்தில், கிழவன் சேதுபதி என்று வழங்கப்பெறும் இரகுநாத சேதுபதி மன்னர் எழுப்பிய இராமலிங்க விலாசம் இன்று தொல்லியல் துறையின் காட்சியகமாக விளங்குகிறது. வாளும் ஈட்டியும் வளரியும் அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன. சுவரெங்கும் ஓவியங்கள். அவற்றுள் ஒன்றில் இராஜராஜேசுவரி அம்மன் சேதுபதி மன்னருக்குத் தன் கையாலேயே செங்கோல் அளிக்கிறாள். மராட்டிய நாட்டிலோ சிவாஜி மன்னருக்குப் பவானி அன்னை வாளையே அளித்தாள் என்பது வழக்கு. ஆயுதம் வெறும் இரும்பன்று, அதனுள் மனிதனுக்கு மேற்பட்டதோர் ஆற்றல் உறைகிறது என்னும் எண்ணம் உலகத்தார் அனைவர்க்கும் பொதுவானது போலும்.

ஆருகத நெறியில் நிற்கும் இல்லறத்தாராகிய நாம் இவ்வெண்ணத்தை எவ்வாறு கொள்வது? வாளுக்கென்று ஓர் ஆற்றல் உண்டா? உண்டெனில், அது செய்யும் கொலையின் வினை யாரைச் சென்று பற்றும்? இவ்வினாவைச் சற்றே விரித்துப் பார்க்க விழைகிறோம்.

சேதுக்கரை முழுவதுமே ஆயுதக் கதைகளால் நிறைந்த நிலம். இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனைக்குத் தனுஷ்கோடி, அதாவது வில்லின் நுனி, என்றே பெயர். போர் முடிந்தபின் வீடணன் வேண்டுகோளின்படி இராமபிரான் தம் வில்லின் நுனியால் அணையை உடைத்தார் என்று தல வரலாறு கூறும். அவ்வூர் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில், ஓடிக்கொண்டிருந்த ரயில் வண்டியோடு அழிந்தது. வில்லும் அம்பும் இன்றிக் காற்றும் நீரும் செய்த அழிவு அது. மருது சகோதரர்களின் வளரி எறிந்தவர் கைக்கே மீண்டு வரும் என்று சிவகங்கைச் சீமை மக்கள் சொல்லுவர். வினையும் அவ்வாறே மீண்டு வரும் என்று மேடையில் உவமை கூறுவோர் நம்மிடையே உண்டு. உவமை அழகியதே. ஆயினும் வினை எவ்வழியாக வருகிறது என்பதை அது விளக்குவதில்லை.

நம் ஆசாரியர்கள் இயற்றிய இராம சரிதங்கள் இக்கதைகளினின்றும் வேறுபட்டவை. விமலசூரியின் பிராகிருத நூலிலும், கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான இரவிசேனாசாரியரின் பத்மபுராணத்திலும், வானரர் என்போர் குரங்குக் கொடியுடைய வித்தியாதரர்; சமுத்திரன் என்பவன் நளனோடு பொருது தோற்ற ஓர் அரசன். இராவணனைக் கொல்பவரும் இராமர் அல்லர், இலக்குவனே. அதுவும் தன் படைக்கலத்தால் அன்று. இராவணன் எறிந்த சக்கரமே இலக்குவனை வலம் வந்து அவன் கையில் அமர்கிறது. அதனையே அவன் திருப்பி எறிகிறான். பலபத்திரராகிய இராமர் துறவு பூண்டு வீடுபேறு அடைய, வாசுதேவனாகிய இலக்குவன் நரகம் புகுகிறான். (தமிழில் நாம் பெரிதும் பயிலும் ஸ்ரீபுராணம் குணபத்திராசாரியரின் வழியைப் பின்பற்றுவது. அங்கே இராம சரிதம் வேறு வகையாக அமைந்துள்ளது. இனி நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சியும் அதில் இல்லை.)

சூரியஹாசம் என்பது ஒரு தெய்வ வாள். அதனைப் பெறும் பொருட்டுக் கரதூஷணனுக்கும் சந்திரநகைக்கும் மகனான சம்பூகன், மூங்கிற் புதர் ஒன்றனுள் அமர்ந்து பன்னிரண்டு ஆண்டு தவம் இயற்றினான். தாய் நாடோறும் உணவு கொண்டுவந்து கொடுத்துச் சென்றாள். தவம் நிறைவெய்த, வாளும் தோன்றிவிட்டது. அவன் கை நீட்டி எடுப்பதே எஞ்சியிருந்தது. அவ்வேளையில் அவ்வழியே வந்த இலக்குவன் வாளின் ஒளியைக் கண்டான். எடுத்தான். கூர்மையைச் சோதிக்க எண்ணி அருகிலிருந்த மூங்கிற் புதரை வீசி வெட்டினான். மூங்கிலோடு சம்பூகன் தலையும் அறுந்து வீழ்ந்தது. அங்கே ஒருவன் இருப்பதை இலக்குவன் அறியான்.

பிறர் கூறும் இராமாயணத்தில் சம்பூகன் தவம் செய்ததே குற்றமெனக் கருதி இராமன் அவனைத் தெரிந்தே கொல்வதாக வரும். நம் ஆசாரியர்கள் அக்கொலையை இராமர் கையினின்றும் விலக்கியது மட்டுமன்றி, அதனை ஆராயத்தக்க ஓர் அறச் சிக்கலாகவும் மாற்றி வைத்தனர். மகனுக்கு உணவோடு வந்த தாய் கண்டது அறுந்த தலையை. அவள் அழுகையிலிருந்து சினமும், சினத்திலிருந்து போரும், போரின் நடுவே சீதையைக் கவர்தலும் விளைந்தன. இலங்கையை அழித்த பெருந்தீயின் முதற்பொறி ஒரு வாளைச் சோதித்துப் பார்த்ததில் பிறந்தது.

இங்கே பிழை யாருடையது? முதலிற் சம்பூகனை நோக்குவோம். அவன் தவத்தில் குறை காண்பதற்கில்லை. அத்தவத்தின் நோக்கத்திலேயே குறை. தவத்தை விற்று ஒரு பயனை வாங்க எண்ணுவதை நிதானம் என்றும், மாயை, மித்யாத்துவம் ஆகியவற்றோடு எண்ணப்பெறும் மூன்று சல்லியங்களுள் ஒன்றென்றும் நம் நூல்கள் கூறும். சல்லியம் என்றால் உள்ளே தைத்து நிற்கும் முள். கரும மலத்தைக் கழிக்க வல்ல பன்னிரண்டு ஆண்டுத் தவத்தை அவன் ஓர் இரும்புத் துண்டுக்கு விலையாகக் கொடுத்தான்.

இலக்குவன் நிலையோ எளிதில் தீர்க்கத்தக்கதன்று. கொல்லும் எண்ணம் அவனுக்குச் சிறிதும் இல்லை. எண்ணமின்றி நிகழ்ந்த கொலை இம்சையாகுமா? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர் போவதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அதற்கு முன்னே நிற்க வேண்டும் என்கிறது. அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் தெளிவாக்குவார். விழிப்போடு நடப்பவன் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மடிந்தால் அவனுக்கு இம்சை இல்லை. விழிப்பற்று நடப்பவனுக்கோ உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் இம்சை உண்டு என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், ‘புதருள் ஆள் இருப்பது தெரியாது’ என்னும் விடை இலக்குவனுக்குப் போதுமா?

போதாது என்றே நாம் கருதுகிறோம். காரணம், சம்பூகனை மறந்துவிட்டு மூங்கிலை மட்டும் நோக்கினாலே விளங்கும். மூங்கிலும் உயிருடையது, ஓரறிவுயிர். அதனுள் வாழும் சிற்றுயிர்களோ எண்ணிலடங்கா. வீடு வேயவோ வேலி கட்டவோ அவன் அதனை வெட்டவில்லை. கையில் வாள் இருந்தது, ஆகவே வெட்டினான். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், மரம் செடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று பெயரிட்டு, அநர்த்த தண்டத்தின் ஐவகையுள் ஒன்றாகச் சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டகத்தில் வைத்தார். தலை வீழ்வதற்கு முன்னரே, மூங்கிலின் முதற்கணு அறுபட்ட பொழுதே, இலக்குவன் பிழை முழுமை பெற்றுவிட்டது. சம்பூகன் அங்கே இல்லாதிருந்தால் அப்பிழை வெளியே தெரியாதிருந்திருக்கும், அவ்வளவே.

எனவே வாளின் ஆற்றல் பற்றிய முதல் வினாவுக்கும் ஒருவாறு விடை கிடைக்கிறது. வாள் புத்கலம், அஜீவம். அதற்கு அறிவோ விருப்போ இல்லை. வினையும் அதனைப் பற்றாது. ஆயினும் கையில் ஏந்தியவனுக்கு ‘வெட்டிப் பார்’ என்னும் எழுச்சியை உண்டாக்கும் நிமித்தமாக அது அமைகிறது. தெய்வ வாளாயினும் கொல்லன் உலையில் அடித்த அரிவாளாயினும் இதில் வேறுபாடு இல்லை. இதனாற்றான் வாள், கோடரி, மண்வெட்டி, தீ, நஞ்சு முதலியவற்றைப் பிறர்க்குக் கொடுப்பதும் இம்சாதானம் என்று அதே நூல் விலக்குகிறது. அதன் வழிவந்த அருங்கலச்செப்பைப் பயின்ற நம் குடும்பங்கள் இதனை அறியும். மண்வெட்டியும் அரிவாளும் இன்றி உழவு ஏது, பக்கத்து நிலத்தார் கேட்டால் இல்லையென்பதா என்று உழவுத் தொழிலுடைய நம் அன்பர்கள் வினவுவது உண்டு. உழவில் நேரும் இம்சை ஆரம்பத்தின்பாற்பட்டது. இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாதது. அநர்த்தம் என்னும் சொல்லிலேயே விடை இருக்கிறது. பயனுக்காகக் கொடுப்பது வேறு, எதற்கென்று நோக்காமல் கொடுப்பது வேறு.

இலக்குவனிடம் எண்ணம் இல்லை, உயிர் போயிற்று. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி யசோதர காவியத்தில் உள்ளது. அங்கே எண்ணம் இருந்தது, உயிர் இல்லை. தீக்கனாக் கண்டதாகக் கூறிய யசோதர மன்னனைத் தேவிக்குப் பலியிடுமாறு தாய் சந்திரமதி தூண்டினாள். உயிர்க்கொலைக்கு அவன் இசையவில்லை. முடிவில் மாவினால் செய்த கோழியை வாளால் வெட்ட இசைந்தான். வெட்டினான். அம்மாவுக் கோழி உயிருள்ளது போலவே கூவி வீழ்ந்தது. அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். மாவுக்கு இவ்வளவு தண்டனையா என்று நம் இளைஞர்கள் கேட்பது இயல்பே. கொலை செய்வதாகவே எண்ணி வாளை ஓங்கியவனுக்குப் பாவ இம்சை நிகழ்ந்துவிட்டது என்பதே காவியத்தின் விடை.

இக்கதையைக் கேட்கும் மாரிதத்த மன்னனிடமும் ஒரு வாள் உண்டு. கி.பி. 959இல் சோமதேவ சூரி முடித்த யசஸ்திலகம் என்னும் வடமொழிச் சம்புவில், எல்லா உயிரினத்திலும் இவ்விரண்டாகச் சண்டமாரிக்குப் பலியிட்டால் வித்தியாதரரையும் வெல்லவல்ல மாய வாள் கிட்டும் என்று ஒரு போலிக் குரு அவனுக்கு ஆசை காட்டுகிறான். நம் தமிழ்க் காவியம் அம்மாய வாளைப் பேசவில்லை. தேவியின் சினம் தணியவே பலி என்கிறது. எவ்வாறாயினும், பலிக்கென்று நிறுத்தப்பெற்ற அபயருசி, அபயமதி என்னும் இளந்துறவியரின் அஞ்சாமை கண்டு, ஓங்கிய வாளைத் தாழ்த்தி, ‘நீவிர் யாவர்’ என வினவுகிறான் மன்னன்.

ஓங்கிய வாள் தாழ்ந்த நிகழ்ச்சி காவியத்தில் மட்டுமன்றி, இராமநாதபுரத்திலும் நடந்துள்ளது. மைசூர்ப் படை மதுரை நாட்டுள் புகுந்து மக்களின் மூக்கை அறுத்த போரில், திருமலை நாயக்கருக்குத் துணைநின்று அதனை விரட்டியவர் திருமலை இரகுநாத சேதுபதி. அதற்கு நன்றியாக நவராத்திரி விழாவைத் தம் தலைநகரிலும் நடத்தும் சிறப்பு அவருக்கு அளிக்கப்பெற்றது என்பது மரபு. ஒன்பது நாளும் வழிபாடு. பத்தாம் நாள் மகர்நோன்புப் பொட்டலில் அம்பு விடுதல். அவ்விழாவின் ஓர் அங்கமாக அரண்மனையில் இராஜராஜேசுவரி அம்மனுக்கு உயிர்ப்பலி நடந்து வந்தது. 1893இல் விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி மன்னரே, சிருங்கேரி மடத்து ஆசாரியரின் அறிவுரையை ஏற்று அப்பலியை நிறுத்தினார். விழா நிற்கவில்லை, ஆயுதங்களும் அகலவில்லை, பலி மட்டும் நின்றது. வைதிக மரபினர் செய்த செயலாயினும், தேவகோட்டைக்கு அருகே அனுமந்தக்குடியில் இன்றும் மழவநாதர் சினாலயம் நிற்கும் அச்சீமையில் அது நிகழ்ந்தமை நமக்கு உவகை தருவதே.

பலி நின்ற இடங்களில் எல்லாம் இப்போது பூசணிக்காய் வந்திருக்கிறது. ஆயுத பூசையன்று குங்குமம் தடவிய பூசணியைக் கடை வாயிலில் உடைப்பதை நம்மவருள்ளும் சிலர் பின்பற்றுகின்றனர். குருதியைப் போலத் தோன்றவே குங்குமம் தடவப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், மாவுக் கோழி நினைவுக்கு வரும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் திரையில் ஆடும் விளையாட்டுகளில் மாய வாள்கள் பல உள்ளன. ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1986 முதல் வெளியிட்டு வரும் செல்டா வரிசையில் மாஸ்டர் வாள் என்றொன்று வருகிறது. தீயோர் அதனைத் தொட இயலாதாம். 2017இல் வந்த ஆட்டத்தில், போதிய உயிர்வலிமை சேராதவன் கல்லினின்றும் அதனைப் பிடுங்க முயன்றால் அவன் உயிரையே அது உறிஞ்சிவிடும். தகுதியறியும் வாள் என்னும் இக்கற்பனை நமக்குப் புதிதன்று. பரதனின் சக்கரம் பாகுபலியைத் தீண்டாது வலம் வந்து நின்றதை நாம் அறிவோம். ஆகவே இவ்விளையாட்டை முற்றும் இகழ்வதற்கில்லை. தீமையை எதிர்த்தல் அதன் கதை. விரோதி இம்சையின் எல்லைக்குள் அதனை அடக்கலாம் என்று ஒரு பிள்ளை வாதிட்டால் நாம் மறுக்கப் போவதில்லை.

நாம் கவலை கொள்வது பகைவனை வெட்டும் இடத்தைப் பற்றியன்று. அவ்விளையாட்டின் வீரன் நடந்து செல்லும் வழியில், இருமருங்கும் உள்ள புல்லை ஒரு காரணமும் இன்றி வாளால் வீசிக்கொண்டே போகிறான். வெட்டிய புல்லினின்றும் அவ்வப்போது மணி ஒன்று வெளிப்படும். அவ்வுலகில் அதுவே நாணயம். ஆகையால் பிள்ளைகளும் வெட்டிக்கொண்டே செல்கின்றனர். திரையில் உள்ளது புல்லன்று, மூங்கிற் புதருள் அமர்ந்திருந்த சம்பூகனும் அங்கே இல்லை என்பது நமக்குத் தெரியும். மாவுக் கோழியிலும் உயிர் இல்லை என்பது யசோதரனுக்குத் தெரிந்தே இருந்தது. இவ்விரு கதைகளையும் வரும் நவராத்திரி விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சொல்லி, அப்புல்லைப் பற்றி அவர்கள் என்ன கருதுகின்றனர் என்று கேட்டுப் பார்க்கலாம்.